எண் பலகை



55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தை ஒரு தடவைக்கு 5 ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அது. என் முறை சென்ற மாதம் வந்தது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள காரின் எண் பலகை தெரிகிறதா என்று மருத்துவச் சான்றுப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு.

நம் டாக்டரம்மா என்னை வராந்தாவில் நிறுத்தி, எதிரே நின்ற ஜீப்பைக் காட்டினார்கள். கடகடவென்று எண்ணைச் சொன்னேன். 10 வருடமாய் நான் ஓட்டும் ஆஸ்பத்திரி ஜீப், மனப்பாடம்! டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஐயா, அதற்குப் பக்கத்தில் நிற்கும் வேன்?" என்றார்கள். வெறும் வெள்ளைப் புகைதான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை.

வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்தது. போன மழைக்காலத்தில் ஓர் இரவு, பின் சீட்டில் பிரசவ வலியோடு ஒரு தாய். எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் சாலையே மறைந்துபோயிற்று. கர்த்தர் காத்தார் என்று உங்கள் முன் சாட்சி சொன்னேனே, நினைவிருக்கிறதா? கண் மங்கியிருந்ததை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. சாவி டிரைவர் தம்பியிடம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறேன்.