விலகிய பின்னும் விடாத ஷரத்து
(விளாத்திகுளத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்தக் கரிசல் சீமையில் நிரந்தர வேலை கொஞ்சப் பேருக்குத்தான். காற்றாலையில் ஏறிப் பழுது பார்க்கிறவர், வீடு வீடாகச் சரக்குக் கொடுக்கிறவர், யாரைக் கேட்டாலும் நடுவே ஒரு ஏஜென்சி நிற்கிறது. கம்பெனி தருகிற பணத்தில் அது எடுத்துக் கொண்டது போகத்தான் உழைக்கிறவன் கைக்கு வருகிறது. அது போதாதென்று ஒரு தாளையும் நீட்டுகிறார்கள். ஏஜென்சியை விட்டு விலகிய பின் ஒரு வருஷத்துக்கு வேறு ஏஜென்சியிலோ, அதன் வாடிக்கைக் கம்பெனியிலோ வேலை செய்யக் கூடாதாம்; மீறினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டுமாம். பையன் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறான். நாளை நல்ல கூலிக்கு வேறு இடம் கிடைத்தால் வக்கீல் நோட்டீசு வருகிறது. வீட்டில் அம்மா கம்மலைக் கழற்றத் தொடங்குகிறாள்.

கழற்ற வேண்டாம், தாயே! சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் பார்ப்போம்.

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27வது பிரிவு இருக்கிறது. சட்டப்படியான தொழிலையோ வியாபாரத்தையோ ஒருவன் செய்யக் கூடாதென்று தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. கடையை நல்லபெயரோடு விற்றவனுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தில் தடை நியாயமானதா என்று கோர்ட்டு எடை போட்டுப் பார்க்கும். இங்கே அந்தத் தராசே இல்லை. இங்கும் நியாயமான தடையை அனுமதிக்கலாமென்று 1958இல் சட்டக் கமிஷன் சிபாரிசு செய்தது. பார்லிமெண்டு அதை ஏற்றுச் சட்டமாக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று!

பாட்னாவில் சீப்புச் செய்கிற கைத்தொழிலாளர் கதையைக் கேளுங்கள். நகரத்தில் 30 பேரில் 29 பேரை ஒரு வியாபாரி எழுதி வாங்கிக் கொண்டான். செய்கிற சீப்பு முழுவதையும் அவனுக்கே கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது. ஆனால் சந்தை மந்தமானால் வேண்டாமென்று சொல்ல அவனுக்குப் பாத்தியதை உண்டு! இந்த ஒப்பந்தம் செல்லாதென்று 1908இல் தீர்ப்பாயிற்று. நம் பக்கத்துக் கரிமூட்டக்காரருக்கு இந்தக் கதை புதிதாக இராது.

ஏஜென்சி விஷயத்துக்கு வருவோம். கிரிக்கெட் வீரர் ஜாகீர்கான் 2000ஆம் வருஷம் ஒரு விளம்பர ஏஜென்சியோடு மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டார். அவர் அதற்குச் சம்பளக்காரர் அல்ல. கெடு முடிந்த பிறகும், வேறு யார் விலை பேசினாலும் முதலில் தன்னிடம் காட்ட வேண்டுமென்று ஏஜென்சி வழக்காடியது. ஒப்பந்தம் முடிந்த பிறகு இந்தத் தடை செல்லாதென்று 2006இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1980இல் கிருஷண் முர்காய் வழக்கிலும், வேலையை விட்ட பின் இரண்டு வருஷம் போட்டித் தொழில் கூடாதென்ற ஷரத்தைக் கொண்டு அவரைத் தடுக்க முடியவில்லை. பந்து போடுகிறவருக்கு ஒரு சட்டம், காற்றாலையில் ஏறுகிறவனுக்கு வேறு சட்டமா?

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே போட்டியாளனிடம் வேலை செய்யக் கூடாதென்றால் அது பெரும்பாலும் செல்லும். 1967இல் கோலிகரி வழக்கில் செஞ்சுரி மில்லின் பக்கம்தான் தீர்ப்பாயிற்று. தொழில் ரகசியத்தைக் கொண்டுபோய் விற்றாலும் தப்ப முடியாது. மூன்று வருஷம் இருக்க வேண்டும், இல்லையேல் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்ட ஷரத்தை 2025இல் சுப்ரீம் கோர்ட்டு செல்லுமென்றே சொன்னது. இடையில் போவதற்கான பணம் வேறு, போன பிறகு பிழைப்பைத் தடுப்பது வேறு. இந்தக் கோட்டை மனதில் வையுங்கள். செல்லும் ஷரத்திலும், போட்ட தொகை அப்படியே கிடைத்துவிடாது. 74வது பிரிவுப்படி அந்தத் தொகைக்கு உட்பட்ட நியாயமான ஈடுதான்.

கரிமூட்டத் தோழர்களுக்கு இன்னொரு வார்த்தை. முன்பணம் வாங்கியதற்காக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தையோ, உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழக்கிறதாக ஒப்பந்தமென்றால், 1976ஆம் வருஷத்துச் சட்டப்படி அது கொத்தடிமை முறை. அந்தக் கடனே ரத்து. அப்படிக் கட்டாயப்படுத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. "முன்பணம் வாங்கியிருக்கே, மூட்டையை வேற எவனுக்கும் போடக் கூடாது" என்று மிரட்டினால் கலெக்டருக்கு மனுக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒப்பந்த நகல் கையில் இல்லாதவர்கள் எழுதிக் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத செக்கிலும் கையெழுத்துக் கூடாது. நோட்டீசு வந்தவர்கள் பயந்து பணம் கட்டாமலும், பதில் போடாமலும் இராமல், அந்தத் தாளோடு வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்; வக்கீல் தோழர் இருப்பார், உட்கார்ந்து பதில் எழுதுவோம்.