கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது?

(பாட்டுப்படம் எடுக்க முனையும் இளைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் சினிமாப் படிப்பு படித்தவன் இல்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்கு வீடியோ எடுத்து, ராத்திரியில உக்காந்து எடிட்டிங் பண்ணிப் பிழைக்கிறவன். 'வெளிநாட்டுப் பாட்டுப்படங்களைப் பார்த்து நாம என்ன கத்துக்கலாம்' என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் முதலில் தப்பாகக் கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019-ல் எங்க தெருப் பிள்ளைகள் ஒரு பாட்டுக் கட்டினார்கள். சுடுகாட்டுப் பாதையைப் பற்றிய பாட்டு. எங்க சேரியில யாராவது செத்தா பொணத்தப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோக விடமாட்டார்கள். வயல் வரப்பு மேலதான் தூக்கிட்டுப் போகணும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் வரைக்கும் சேறு. பாடை தூக்கினவர்கள் வழுக்கி விழுந்து, பொணம் நெல்லுக்குள்ள கிடந்ததை நான் சின்னப்பிள்ளையில கண்ணால பார்த்திருக்கேன். கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதிய பாட்டு அது. கேட்டவங்க அழுதாங்க. படம் எடுத்தது நான்.

எடுக்கிறதுக்கு முன்னால ஒரு மாசம் பூரா ஊர் உலகத்துப் பாட்டுப்படங்களையெல்லாம் பார்த்தேன். கண்ணுக்குப் பிடித்த ஷாட்டை எல்லாம் நோட்டில் குறித்து வைத்தேன். ட்ரோன் மேலேயிருந்து இறங்கணும். பாடுகிற பையன் புகைக்கு நடுவே மெதுவா நடந்து வரணும். கார் பானட் மேல ஏறி நிக்கணும். அப்படியே எடுத்தோம். காரும் ட்ரோனும் வாடகை. சிறுசுகள் நூறும் இருநூறுமாகச் சேர்த்த காசு அதிலேயே தீர்ந்தது.

அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டோம். விசில் பறந்தது. முடிந்ததும் எங்க பெரியம்மா கேட்டது: "எல்லாஞ் சரிடா. அந்த வரப்பு எங்கடா?"

எனக்குப் பதில் இல்லை. பாட்டு பாதையைப் பற்றி. படத்தில் பாதையே இல்லை. ட்ரோனில் ஊர் பச்சைப்பசேல்னு அழகா தெரிஞ்சுது. அவ்வளவு மேலேயிருந்து பார்த்தா சேறு தெரியுமா?

அடுத்து, பறையடிக்கிற எங்க மாமா சொன்னார்: "அது ஏங்கைதான் மாப்ள. சத்தம் ஏஞ்சத்தம் இல்லியே." உண்மை. பாட்டில் நான் வைத்தது கம்ப்யூட்டரில் கிடைத்த பறைத் துணுக்கு. படத்தில் மாமா அடித்தது வேறு அடி. கை ஒரு தாளம், காது ஒரு தாளம். நாற்பது வருசம் சாவுக்கு அடித்த கை அது. இயக்கம் வந்த பிறகு 'இனி சாவுக்கு அடிக்க மாட்டேன், மேடையில அடிக்கிறேன்' என்று சொன்ன மனுசன். அவர் அடியைத் தூக்கிப்போட்டுவிட்டு அவர் கையை மட்டும் அலங்காரத்துக்கு வைத்திருந்தேன்.

மூன்றாவது, பெரியம்மா முகம். அரை நொடிதான் வருது. அந்த அரை நொடியிலும் வெளுப்பாக்கி வைத்திருந்தேன். கல்யாண வீடியோவில் செய்து செய்து பழகிய கை. "இது யாரு, எந்த ஊருப் பொம்பள?" என்று பெரியம்மாவே கேட்டது.

அன்னிக்கு ராத்திரி தூங்கல. நோட்டை எடுத்து, பார்த்த படங்களையே திரும்பப் பார்க்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஷாட்டை எழுதவில்லை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி: கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது? அங்கே ஏன் நிற்கிறது?

முதலில் மைக்கேல் ஜாக்சனின் 'தே டோன்ட் கேர் அபௌட் அஸ்'. 'அவங்களுக்கு நம்மப் பத்திக் கவலை இல்ல' என்று அர்த்தம். 1996-ல் வந்தது. இயக்கியவர் ஸ்பைக் லீ என்கிற கறுப்பின இயக்குநர். பிரேசிலில் இரண்டு இடத்தில் எடுத்தார்கள். ஒன்று ரியோ டி ஜெனிரோ நகரத்தில் மலைச்சரிவில் இருக்கிற தோனா மார்த்தா என்ற குடிசைப்பகுதி. இன்னொன்று சால்வதோர் நகரத்தில் பெலோரின்யோ.

ரியோவில் இந்தப் படப்பிடிப்பையே நிறுத்தப் பார்த்தார்கள். நகரத்தின் பேர் கெட்டுப்போகும், சுற்றுலா பாதிக்கும், 2004 ஒலிம்பிக் கைவிட்டுப் போகும் என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் பதறினார்கள். கோர்ட்டும் தடை போட்டது. பிறகு தடை விலகியது. வறுமை இருப்பதில் வெட்கமில்லை, அது படத்தில் தெரிவதில்தான் வெட்கம். இந்த நியாயத்தை நம்ம ஊரிலும் கேட்டிருக்கோம்தானே? வெளிநாட்டுத் தலைவர் வருகிறார் என்றால் குடிசைக்கு முன்னால் மறைப்புக் கட்டுகிற நாடு இது. 2010-ல் அதே தோனா மார்த்தாவில் ஜாக்சனுக்குச் சிலை வைத்தார்கள்.

பெலோரின்யோ என்ற சொல்லுக்கு, அடிமைகளைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடிக்கிற கம்பம் என்று பொருள். பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888-ல். அந்தக் கம்பத்தின் பேரைத் தாங்கிய இடத்தில்தான் 1979-ல் 'ஒலோதும்' என்ற கறுப்பின மேளக்குழு உருவானது. ஜாக்சன் படத்தில் அவர்கள் சுமார் இருநூறு பேர் வருகிறார்கள். அடிமையை அடித்த இடத்தில் அடிமையின் வாரிசு மேளம் அடிக்கிறான். ஸ்பைக் லீ அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. இடம்தான் அங்கே பேசுகிறது.

இன்னும் கவனமாப் பாருங்க. உலகத்திலேயே பெரிய பாடகன் மேளக்குழுவோடு அவர்கள் தெருவில் நின்று ஆடுகிறான், அவர்கள் பேர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு. ஒலோதும் அடிக்கிற அடிதான் நம் காதில் கேட்கிறது. கை எதுவோ சத்தம் அதுவே. ஒரு பெண் காவலை மீறி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறாள். அந்தக் களேபரத்தில் அவர் கீழே விழுகிறார். நானா இருந்தா அதை வெட்டித் தூக்கியிருப்பேன். ஸ்பைக் லீ வைத்திருக்கிறார். சனங்கள் வந்து கலைத்ததும் படத்தில் இருக்கிறது.

இதே ஸ்பைக் லீ 1989-ல் 'பப்ளிக் எனிமி' குழுவின் 'ஃபைட் த பவர்' பாட்டைப் படமாக்கியபோது, நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் ஊர்வலத்தையே நடத்தினார். படம் 1963 வாஷிங்டன் பேரணியின் பழைய செய்திப்படத்தோடு தொடங்குகிறது. பிறகு தெரு நிறைய ஆள், கையில் கறுப்பினத் தலைவர்களின் படங்கள். பாடுகிறவர்கள் கூட்டத்துக்குள்ளேயே நடக்கிறார்கள். அங்கே நம்ம ஆட்கள் பின்னணிக்கு நிறுத்தி வைத்த கும்பல் கிடையாது.

பின்னணி என்றதும் இன்னொரு படம் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் வந்த 'திஸ் இஸ் அமெரிக்கா'. பாடியவர் சைல்டிஷ் காம்பினோ, இயக்கியவர் ஹிரோ முராய். பெரிய கிடங்கு. முன்னால் பாடகரும் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் சிரித்துச் சிரித்து ஆடுகிறார்கள். பின்னால் ஆள் ஓடுகிறது, அடிதடி, தீ. வெட்டு மிகக் குறைவு. கேமரா நீண்ட நேரம் விடாமல் பின்தொடர்கிறது. நீங்களும் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் 'ஐயோ, பின்னால இவ்வளவு நடந்திருக்கே, நாம பாக்கலையே' என்று உறைக்கிறது. சுட்ட துப்பாக்கியைத் துணியில் பத்திரமாக வாங்கிப் போகிறான் ஒருவன். செத்தவனைத் தரையில் இழுத்துப் போகிறார்கள். எது முன்னால், எது பின்னால் என்பதே அங்கே அரசியல். என் முதல் படத்திலும் சேரி பின்னால்தான் இருந்தது. ஆனா அது தெரியாமல் நடந்தது.

முகத்துக்கு வருவோம். கலர் பிலிம் காலத்தில் ஆய்வகங்களில் நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை வைத்திருப்பார்கள். கோடாக் கம்பெனியின் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கே 'ஷெர்லி' என்று பேர். அவள் முகம் நன்றாக வந்தால் நிறம் சரி. கறுப்புத் தோல் இருட்டில் பல்லும் கண்ணுமாகத் தெரிந்தால் யாருக்கும் கவலையில்லை. சாக்லேட் கம்பெனிக்காரனும் மர நாற்காலி விற்பவனும் 'எங்க பழுப்பு நிறம் சரியா வரலையே' என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மனுசத் தோலுக்கு இல்லாத மரியாதை மரத்துக்கு இருந்தது.

நம்ம போனுக்குள்ளும் ஒரு ஷெர்லி உட்கார்ந்திருக்கிறாள். 'பியூட்டி' என்று ஒன்று இருக்கும், முதலில் அதை அணையுங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நம்ம ஆளை நிறுத்தினால் போன் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரியாகும். அதனால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். சுவரை விட்டுத் தள்ளி, வேப்பமர நிழலின் ஓரத்தில், முகம் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். கறுப்பு எத்தனை கறுப்பு என்பது அப்பத்தான் தெரியும். எடிட்டிங்கில் யாரையும் வெளுக்காதீர்கள்.

இப்படிப் படிப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒரு படத்தை நான்கு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா, சந்தோசமா. இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு. பாட்டு இல்லாமலும் படம் ஏதாவது சொல்லுதா என்று தெரியும். மூன்றாம் தடவை ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோடு போடுங்கள். யார் முகம் எத்தனை நொடி நிற்கிறது என்று எழுதுங்கள். நான்காம் தடவை நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு ஓரத்தையும் பின்னாலும் மட்டும் பாருங்கள். அப்புறம் உங்கள் படத்தையும் இதே மாதிரி எண்ணுங்கள். நான் என் படத்தை எண்ணினேன். கார் பதினேழு நொடி. பெரியம்மா அரை நொடி.

காசு இல்லையே என்பீர்கள். பாப் டிலன் 'சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்' பாட்டுக்கு 1965-ல் எடுத்த படத்தைப் பாருங்கள். லண்டனில் ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த சந்து. ஒரே ஷாட். கையில் எழுத்து அட்டைகள். பாட்டில் வருகிற சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போடுகிறார். அவ்வளவுதான் செலவு. ஐம்பது வருசத்துக்கு மேலாகியும் அதைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள்.

அந்த அட்டைதான் எங்களுக்கு வழி காட்டியது. 2022-ல் அதே பாட்டைத் திரும்ப எடுத்தோம். முதல்ல மாமா ஜமாவை வரப்புக்குக் கூட்டிட்டுப் போனோம். வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியுமாக அவர்கள் அடித்ததை அங்கேயே பதிவு பண்ணினோம். அந்த அடி மேல் பாட்டைக் கட்டினோம். படத்தில் வெட்டு குறைவு. வெட்டிய இடத்திலும் மாமா கை மேலே போகும்போது வெட்டினோம். அடி அடுத்த ஷாட்டில் விழும். கை அவருடையது, சத்தமும் அவருடையது. ஒரு தொழில் விசயம்: போன் ஒரே வேகத்தில் படம் பிடிக்காது, நாலு நிமிசப் பாட்டில் உதடும் சத்தமும் மெல்ல விலகிவிடும். வேகத்தை நிலையாக வைக்கிற செயலியில் எடுங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கைதட்டிக்கொள்ளுங்கள்.

ட்ரோன் கிடையாது. போன் இடுப்பு உயரத்தில், பாடை தூக்குகிறவன் சேற்றைப் பார்க்கிற உயரத்தில், வரப்பிலேயே நடந்தது. எடுத்த தம்பி இரண்டு தடவை வழுக்கினான். அதையும் வைத்திருக்கிறோம். வரப்பு ஓரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையோடு நின்றார்கள். அட்டையில் பாட்டுச் சொல் இல்லை. பாதை கேட்டு மனு கொடுத்த வருசம்: 2008, 2012, 2015, 2018. கடைசியில் பெரியம்மா. பதினெட்டு நொடி, வெட்டே இல்லாமல், கேமராவை நேராகப் பார்க்கிறது.

டிலனிடமிருந்து அட்டையை எடுத்தோம், அதில் எங்க எழுத்தை எழுதினோம். ஸ்பைக் லீயிடமிருந்து 'எந்த இடத்துக்குப் போவது' என்ற யோசனையை எடுத்தோம். கார் மேல ஏறுகிற ஷாட்டை எவனிடமிருந்தும் எடுக்கலாம். அதை எடுத்தால் அவன் பார்வையும் கூடவே வந்துவிடுகிறது.

கடைசியா ஒன்று. பேர் போடுங்கள். பறையடித்தவர், அட்டை பிடித்த பிள்ளை, சோறு ஆக்கிய அக்கா, எல்லார் பேரும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில், 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். உலகமே கேட்ட பாட்டுக்கே அந்த நிலைமை. வெளியே கேட்கிற கேள்வியை நம்ம படத்துக்குள்ளும் கேட்கணும்.

இரண்டாம் படத்தையும் அதே வேட்டியில் போட்டோம். விசில் வரல. முடிந்ததும் மாமா, "இன்னொருக்கா போடு மாப்ள" என்றார். மனு நாளன்று அந்தப் படத்தை போனிலேயே எடுத்துக்கொண்டு போனார்கள் நம்ம பெண்கள். பாதை இன்னும் வரல. ஐந்தாவது அட்டை எழுதி வைத்திருக்கிறோம்.

நீங்க எடுக்கப்போகிற படத்தைப் பார்க்கக் காத்திருக்கிறேன். ஜெய்பீம்.