மின்போறணையின் எரிந்த கம்பி

போர்க்காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளின் பல வீடுகள் நெடுநாள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இரவுகளைக் கழித்தன. 2009 இல் போர் முடிந்தபின் மின்சாரம் படிப்படியாக மீண்டது. இன்று சில அடுக்களைகளில் மின்போறணையும் இடம்பெற்றுள்ளது. விறகு நெருப்பின் இயல்பறிந்த இல்லத்தரசியர் மின்சாரத்தின் இயல்பையும் அறிதல் நன்று.

போறணையின் விளக்கு எரிந்தும் கீழ்ப்புறம் சூடேறாவிடின், பெரும்பாலும் அங்குள்ள வெப்பக்கம்பி அறுந்திருக்கும். குழாயினுள் இருப்பது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்குரோம் என்னும் கலப்புலோகம். செந்தணலாய்ச் சிவந்தாலும் அது எளிதில் கெடுவதில்லை; எனினும் பல்லாண்டுகள் சூடேறி ஆறுவதால் ஓரிடத்தில் மெலிந்து அறுந்துவிடும்.

கம்பியைக் கழற்றுமுன் ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது. ஆளி தவறான கம்பியில் பொருத்தப்பட்டிருப்பின், நிறுத்திய பின்னரும் போறணையுள் மின் நிற்கும். ஆகவே செருகியைப் பிடுங்குதல் வேண்டும்; செருகி இல்லையெனில் வீட்டின் முதன்மை ஆளியை நிறுத்துதல் வேண்டும்.

புதிய கம்பி பழையதன் வடிவும் வலுவும் உடையதாதல் அவசியம். 230 வோல்ற்றில் இயங்கும் 2,000 உவாற்றுக் கம்பியின் தடை ஏறத்தாழ 26 ஓம். அதனூடு ஒன்பது அம்பியர் வரை மின் பாயும். திருகாணி தளர்ந்திருந்தால் இணைப்பே கருகும்.

இறுதியாக, பச்சையும் மஞ்சளுமான புவிக்கம்பியைப் போறணையின் உலோக உடலுடன் இறுகப் பொருத்துக. கவிழ்ந்த விளக்கின் தீ கண்ணுக்குத் தெரியும். உலோகத்தில் ஏறிய மின்சாரமோ கைபட்ட பின்னரே தெரியும். வீட்டில் புவியிணைப்பு இல்லையெனில், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு அதை அமைத்த பின்னரே போறணையை இயக்குதல் வேண்டும்.