கஞ்சாவும் கட்டளைச் சட்டமும்



பதுளையிலிருந்து மலையிறங்கி வெல்லவாய, மொனராகலைப் பக்கம் சென்றால், காட்டினுள்ளே கஞ்சாச் சேனை பிடிபட்டதென்ற செய்தி அடிக்கடி காதில் விழும். இச்செடி குற்றமானது எப்போது?

பிரித்தானிய இந்திய அரசு 1893இல் நியமித்த ஆணைக்குழு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தக்கதன்று என 1894இல் முடிவு கூறியது. அம்முடிவை உலகம் பொருட்படுத்தவில்லை. 1925இல் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் கட்டுப்பாட்டினுள் கொணர்ந்தது. 1929இன் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அதனைத் தடுத்தது. எனினும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியருக்கு மட்டும் ஒரு வழி திறந்துவைத்தது. 2020இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்குகளால், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது.

கஞ்சா தீங்கற்றதென்று நான் கூறவில்லை. இளம் பருவத்தினருக்கு அது கேடே. ஆனால் சாராயம் மட்டும் நன்மையா? தோட்டத்து லயங்களில் அது அணைத்த அடுப்புகள் எத்தனை! அதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கி வரி பெறுகிறது அரசு. சிறு பொட்டலத்துடன் அகப்பட்ட தொழிலாளியோ, நீதிமன்றுக்கு அலைந்து அன்றைய பேரை இழக்கிறான். பட்டினி கிடப்பவர் அவன் பிள்ளைகள். பெருவியாபாரி எங்கோ சுகமாயிருக்கிறான்.

வயதெல்லை, அனுமதிப்பத்திரம், வைத்தியர் மேற்பார்வை, வரி ஆகியவற்றோடு சட்டம் இதனை ஏற்று அடக்கியாளட்டும். மறைவில் வளர்வதைக் காட்டிலும் வெளிச்சத்தில் வளர்வதைக் காவல் செய்வது எளிதன்றோ?