ஊரில் விழுந்த ஒரே ஒரு எதிர் ஓட்டு

1938ஆம் ஆண்டு ஏப்ரல் 10. ஆஸ்திரியாவைப் படையோடு வந்து ஜெர்மனியுடன் சேர்த்துக்கொண்ட ஹிட்லர், அடுத்த மாதமே ஊரைக் கூட்டி ஓட்டெடுப்பு நடத்துகிறார். சேர்த்தது சரிதானா என்று கேள்வி. என்ன பதில் வரவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சால்சாக் ஆற்றங்கரையில் சாங்க்ட் ராடெகுண்ட் என்றொரு சிற்றூர். ஹிட்லர் பிறந்த பிரௌனௌ நகரம் இருக்கும் அதே மாவட்டம். அங்கே ஓட்டுகளை எண்ணினால் ஒரே ஒரு 'கூடாது' கிடக்கிறது. ஊர்த்தலைவர் அதைக் கணக்கிலேயே காட்டவில்லை. நூற்றுக்கு நூறு ஆதரவு என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

அந்த ஓட்டைப் போட்டவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற விவசாயி.

பிறவியிலேயே சாதுவானவர் என்று நினைத்துவிடாதீர்கள். இளவட்டமாக இருந்தபோது கைகலப்புக்கு அஞ்சாதவர், மோட்டார் சைக்கிளில் ஊரைக் கலக்கியவர், கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். 1936இல் பெரிய வியாழனன்று பிரான்சிஸ்காவைக் கைப்பிடித்தார். இருவரும் ரோமாபுரிக்குப் போய்வந்தார்கள். பிறகு வயல்வேலை, அடுத்தடுத்து மூன்று பெண்பிள்ளைகள், கூடவே ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலை. 1940இல் ராணுவம் கூப்பிட்டபோது அவரும் போனார், பயிற்சியும் எடுத்தார். வயலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஊர்த்தலைவர் எழுதிக்கேட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஊருக்கு வந்தவர், இனிக் கூப்பிட்டால் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

அந்த முடிவுக்கு அடிப்படை அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை. ஆனால் போரைப் பற்றிக் கிறிஸ்தவம் ஒரே குரலில் பேசியதில்லை. கி.பி. 295. இன்று அல்ஜீரியாவில் இருக்கும் தெபெசா நகரில், ரோமானியப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாக்சிமிலியன் என்ற 21 வயதுப் பையனை நிறுத்தி அளக்கிறார்கள். ஐந்தடி பத்து அங்குலம் என்று உரக்கச் சொல்கிறார்கள். கழுத்தில் ஈய முத்திரையை மாட்ட வரும்போது பையன் மறுக்கிறான்: நான் கிறிஸ்தவன், போர்வீரனாக முடியாது. பேரரசரின் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்கிறார் ஆளுநர். அவர்களுக்கு எது சரி என்பது அவர்களுக்குத் தெரியும், என்னால் முடியாது என்கிறான் அவன். தலை போயிற்று.

அடுத்த நூற்றாண்டில் பேரரசே சிலுவைக்குக் கீழே வந்துவிட, பேச்சும் மாறியது. எல்லையில் பகைவன் நிற்கும்போது என்ன செய்வது? இறையியலாளர் அகுஸ்தினார் சொன்ன பதில்தான் பின்னாளில் நியாயப் போர் என்ற கோட்பாடாக வளர்ந்தது. நோக்கம் நியாயமாக இருக்கவேண்டும், போரை அறிவிக்க முறையான அதிகாரம் வேண்டும். சரிதான். ஆனால் நியாயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்? அரசன்தான். குடிமகன் கீழ்ப்படிய வேண்டியது. இப்படிப் பார்த்தால் ஐரோப்பாவில் நடந்த எந்தப் போர்தான் நியாயமில்லாதது?

யேகர்ஸ்டேட்டரின் கதை இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது. எந்தப் போரிலும் ஆயுதம் எடுக்கமாட்டேன் என்றவரல்ல அவர். திருச்சபை வகுத்த அதே அளவுகோலை எடுத்து ஹிட்லரின் போர்மேல் வைத்துப் பார்த்தார். பிறர் நாட்டைப் பிடிக்கும் போர் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. படித்த குருக்கள் செய்யத் தயங்கிய கணக்கை ஒரு குடியானவர் போட்டுவிட்டார்.

லின்ஸ் நகருக்குப் போய் ஆயரையே கேட்டார். பெண்டாட்டி பிள்ளைகளைப் பாருங்கள், நாட்டின் செயலுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்பதுதான் ஆயர் சொன்னதன் சாரம். அன்றைக்கு ஆயர்களுக்கும் பயம் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. வந்தவர் உளவாளியாக இருந்துவிட்டால்?

மறுபடி அழைப்பு வந்தபோது, 1943 மார்ச் தொடக்கத்தில் என்ஸ் நகரப் படைமுகாமில் போய் நின்று, ஆயுதம் எடுக்கமாட்டேன் என்றார். அடிபட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்யத் தயார் என்றும் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. லின்ஸ் சிறை, பிறகு பெர்லின் தேகல் சிறை. வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் போயிற்று: மூன்று சிறுமிகள் நிற்கிறார்கள், அப்பா சீக்கிரம் வாருங்கள் என்று எழுதிய பலகை ஒன்று அவர்களோடு. ஜூலை 6ஆம் தேதி ராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. பிரான்சிஸ்கா பெர்லினுக்குப் போய்ப் பார்த்தார். சந்திப்பு இருபது நிமிடம்.

ஆகஸ்ட் 9, பிராண்டன்பர்க் சிறை. கடைசி நேரத்தில் அவரைப் பார்த்த குருவானவர் பின்னாளில் சொன்ன ஒரு விவரம்: மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. படையில் சேரச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும், உயிர் தப்பலாம். அவர் அதைத் தொடவில்லை. அன்று மாலையே தலை வெட்டப்பட்டது. வயது 36.

போர் முடிந்தும் ஊர் மனம் இறங்கவில்லை. எங்கள் பிள்ளைகள் போய்ச் செத்தார்களே, இவன் மட்டும் என்ன பெரிய நியாயவான்? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தக் கேள்வி எழாமல் இருக்குமா? பிரான்சிஸ்காவுக்கு விதவை உதவித்தொகை பல வருடம் மறுக்கப்பட்டது. யேகர்ஸ்டேட்டரைப் பற்றி மறைமாவட்ட இதழில் கட்டுரை வரவும் அதே ஆயர் சம்மதிக்கவில்லை.

கதையை வெளியே கொண்டுவந்தவர் கார்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். இரண்டாம் உலகப் போரில் தானும் ஆயுதம் எடுக்க மறுத்தவர் அவர். 1964இல் அவர் எழுதிய புத்தகம் வந்தது. முன்பு பம்பாய்ப் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ் இந்த விவசாயியின் பெயரைக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குக் கொண்டுபோனார். மனச்சான்றின்படி ஆயுதம் எடுக்க மறுப்பவர்களுக்குச் சட்டம் இடம் தரவேண்டும் என்று 1965இல் சங்கம் எழுதிவைத்தது.

மரணதண்டனைத் தீர்ப்பை பெர்லின் நீதிமன்றம் 1997இல் ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26ஆம் தேதி, லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார் என்று ஓர் ஆயர் அவரைத் திருப்பி அனுப்பிய அதே லின்ஸ். கூட்டத்தில் 94 வயது பிரான்சிஸ்காவும் இருந்தார்.