வணிகப் பாடத்தில் ஒரு தோட்டத்துக் கணக்கு



"வியாபாரம்னா கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும்" என்பார்கள். இனி அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்கு வேலை பிடிக்க ஊழியர் லஞ்சம் கொடுத்தால், நிறுவனமும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். 'தடுக்கத் தக்க ஏற்பாடு செய்திருந்தோம்' என்று நிரூபித்தால்தான் தப்பலாம்.

அதனால் வணிகத் துறையில் நெறிமுறைப் பாடத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும். உதாரணத்துக்கு 2001இல் விழுந்த அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் போதுமா? பேராக்கிலேயே நல்ல பாடம் இருக்கிறது.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். சட்டப்படி தவறில்லை, லாபமும் உண்டு. ஆனால் பால் மரம் வெட்டிய குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன.

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சீடிம்.

ஈப்போவிலோ கம்பாரிலோ வணிகம் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்று கேட்டுப் பாருங்கள்: "சட்டம் அனுமதித்த லாபம் எல்லாமே நியாயமான லாபமா?" பதில் பட்டென்று வந்தால், பாடம் இன்னும் போதவில்லை என்று அர்த்தம்!