மலைவழியும் ஆற்றுப்படையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்ட மொழி தமிழ். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைவழியை மிக நுணுக்கமாக உரைப்பது மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட அந்நூலில் பெருங்கௌசிகனார், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு அவனுடைய புகழை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தினைப்புனத்தருகே பன்றிக்கு வைத்த பொறி உண்டு, ஆகவே விடிந்தபின் செல்க என்கிறார். யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கல் வரும், மரத்தின் பின் மறைக என்கிறார். வழுக்கும் பாறையில் கொடிகளைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். இருளில் வழி தவறினால் மேலும் நடவாமல் ஓரிடத்தில் இருந்து இசைக்கருவிகளை முழக்குக, ஒலி கேட்டுக் கானவர் வந்து உதவுவர் என்றும் கூறுகிறார். மலைவழி கூறுவோர் அனைவர்க்கும் இது முன்மாதிரி.

இன்று தமிழ்நாட்டு இளைஞர்கள் மிதிவண்டியோடு இமயம் நோக்கிச் செல்கின்றனர். இஃது ஒரு பழைய ஆசையின் தொடர்ச்சி. 1897-இல் ஃபேனி புல்லக் வொர்க்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணியும் அவர் கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மனும் ஆசியப் பயணத்தைத் தொடங்கினர். இந்தியாவின் தென்முனையிலிருந்து வடக்கே இமயம் வரை மிதிவண்டியிலேயே சென்றனர். ஒரே நாளில் நாற்பது முறை வரை டயர் ஓட்டை அடைத்த நாள்களும் அப்பயணத்தில் இருந்தன. ஆனால் இமயத்தின் உயர்ந்த பகுதிகளை அவர்கள் கால்நடையாகவே கண்டனர். வண்டி எதுவரை, கால் எதிலிருந்து என்று அறிவதே வழிதேர்வின் முதற்பாடம்.

இமாசலப் பிரதேசத்தில் இத்தேர்வுக்கு இடமுண்டு. டல்ஹௌசி பிரபுவின் காலத்தில், 1850-இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான்–திபெத் சாலை கோவேறு கழுதைகளுக்காக வெட்டப்பட்டது. பொதி சுமக்கும் விலங்கு மூச்சு வாங்காமல் ஏறவேண்டும் என்பதால் அதன் ஏற்றம் மெல்லியது. நார்க்கண்டாவிலிருந்து பாகி, கத்ராலா வழியாகத் தேவதாருக் காட்டினூடே செல்லும் பகுதி இன்றும் மிதிவண்டியாளர்க்கு உகந்தது. மாறாக, ஏறத்தாழ 3,120 மீட்டர் உயரமுள்ள ஜலோரி கணவாய்ச் சாலை செங்குத்தானது. 2005-இல் தொடங்கப்பெற்ற 'எம்டிபி ஹிமாலயா' போட்டி இம்மாநிலத்தின் வனச்சாலைகளைப் பலருக்கு அறிமுகம் செய்தது.

வழியைத் தேர்வோர் முதலில் தொலைவைக் கேட்கின்றனர். கேட்கவேண்டியது ஏற்றத்தை. சமவெளியில் முப்பது கிலோமீட்டர் ஒரு காலைப்பொழுதின் வேலை. அதே தொலைவில் ஆயிரம் மீட்டர் ஏறவேண்டுமாயின் பகல் முழுதும் போய்விடும்.

அடுத்து, மலைச்சரிவு எத்திசை நோக்கியது என்பதைக் கேட்டல் வேண்டும். வடக்கு நோக்கிய சரிவில் பனி நெடுநாள் தங்கும், நிழலில் உறையும். தெற்கு நோக்கிய தாழ்ந்த சரிவில் சீர் பைன் மரங்கள் நிற்கும். அவை உதிர்க்கும் ஊசியிலைகள் காய்ந்தபின் சக்கரத்தை வழுக்கிவிடும், கோடையில் எளிதில் தீப்பற்றும்.

மூன்றாவது, நீர். பனியுருகி வரும் ஓடை காலையில் கணுக்காலளவும் மாலையில் முழங்காலளவும் ஆகலாம். ஆதலின் அதனை முற்பகலிலேயே கடத்தல் நன்று. சூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான மழைக்காலத்தில் மண்சரிவு மிகுதி. அப்போது ஈரப்பாதையில் ஓடிய சக்கரத்தின் தடம் வாய்க்காலாகி, அடுத்த மழை அப்பாதையையே அறுத்துச் செல்லும். பாதையைக் கெடுக்காமையும் பாதை தேர்தலின் ஒரு பகுதியே.

நான்காவது, அப்பாதை யாருடையது என்பது. ஜலோரியிலிருந்து ஓக் மரங்களினூடே செரோல்சர் ஏரிக்குச் செல்லும் ஐந்து கிலோமீட்டர்ப் பாதை, அங்குள்ள கோயிலை நாடும் மக்கள் நடக்கும் வழி. வேறு பாதைகள் கத்தி இடையர்கள் ஆடுகளை வேனிலில் மேலேற்றி இலையுதிர்காலத்தில் இறக்கிவரும் வழிகள். மந்தை வந்தால் இறங்கி நிற்றல் வேண்டும். பொதிவிலங்குகள் வந்தால் பள்ளத்தின் பக்கம் நில்லாது மலைச்சுவரின் பக்கம் ஒதுங்கவேண்டும். வனத்துறையின் அனுமதி வேண்டிய இடத்தில் அதனைப் பெற்றே புகவேண்டும்.

இறுதியானதும் தலையாயதுமான வினா, திரும்பும் வழி எது என்பது. இதனைத் தாயில்பட்டியாருக்கு விளக்கவேண்டியதில்லை. மேற்கே நிற்கும் திருவில்லிபுத்தூர் மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுக்க, அந்த வறட்சியில் வளர்ந்தது பட்டாசுத் தொழில். மருந்து அறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் வேண்டும், வாசலில் பொருள் குவித்தல் ஆகாது, இத்தனை பேருக்கு மேல் அமரல் ஆகாது என்பன இங்குக் குழந்தையும் அறிந்த விதிகள். அவை மீறப்பட்ட இடங்களில் நேர்ந்தவற்றையும் இவ்வூர் அறியும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தின் துயரம் இன்னும் இம்மண்ணில் உண்டு. வேலை தொடங்குமுன் வாசலைப் பார்க்கும் அந்தக் கண்ணே மலைக்குச் செல்வோர்க்கும் வேண்டும்.

வாசலற்ற வழி என்ன செய்யும் என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டியது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காய்ந்த புற்சரிவில் பற்றிய தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளையோர். அதன் பின்னரே அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. எந்த மாதத்தில் செல்வது, தீ வந்தால் எத்திசையில் விலகுவது என்பவை புறப்படுமுன் விடை காணவேண்டிய வினாக்கள்.

கவிஞர்க்கு இதில் என்ன பணி என்று வினவலாம். மலையின் அழகை மட்டும் எழுதி, அதன் பொறியையும் கவண்கல்லையும் விட்டுவிடும் எழுத்து இன்று பெருகியுள்ளது. படித்தவர் அந்த அழகை நம்பிப் புறப்படுகின்றனர். பெருங்கௌசிகனார் அழகையும் பாடினார், வழுக்கும் பாறையையும் பாடினார். வழிச்செல்வோரின் உயிர் தம் சொல்லில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். இந்த வட்டத்தின் கவிஞர்கள் இனி எந்த மலையைப் பாடினும், படித்துவிட்டுப் புறப்படுகிறவர் வீடு திரும்பும் வண்ணம் பாடுதல் வேண்டும். அதுவே ஆற்றுப்படை மரபுக்குச் செய்யும் மரியாதை.